சீசனுக்குப் போன பஸ்

மைனி,

முந்தாநாள் கடையம் சாலையில் நம் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி நின்றபோது, குற்றாலத்திலிருந்து திரும்பிய பஸ் ஒன்று நிற்காமல் கடந்தது. சன்னல் கம்பிகளில் ஈரத்துண்டுகள். எண்ணெய் வாடையும் பரோட்டா வாடையும் குப்பென்று அடித்தன. உள்ளிருந்து எவனோ எறிந்த ஷாம்பு பாக்கெட் என் சேலையில் ஒட்டியது. நம் ஊர்ப் பெயரை மறைத்து ‘சீசன் ஸ்பெஷல்’ என்று அட்டை வைத்திருந்தார்கள். சாரல் தொடங்கியதும் நம் ஊர் பஸ்ஸை அருவிக்கு ஆள் ஏற்ற அனுப்புவது இன்னும் நிற்கவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த சார் உங்களுக்கு நினைவிருக்கும். அதுவும் சாரல் காலம்தான். ஊருக்குள் பஸ்ஸைக் கண்டே பல வாரம் ஆகியிருந்தது. அவரே விலக்கிலிருந்து சகதியில் நடந்துதான் வந்திருந்தார். உங்களைக் கட்டிய என் அண்ணனைப் போல ஆண்கள் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்ததால் பெண்கள்தான் சூழ்ந்து நின்றோம். “ஊருக்குள்ள பஸ் வருதா?” என்று கேட்டதும் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

“வருது சார். காலையில, சாயங்காலம் ரெண்டு நேரமும் வருது.”

வருஷம் முழுக்கவா என்றார். “பின்னே?” என்றீர்கள். எல்லாரும் தலையாட்டினோம். எனக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அவர் போனதும் என் காதில் சொன்னீர்கள்: “ஏட்டி, பஸ் இல்லாத ஊருன்னு எழுதிட்டுப் போனா உன்னைய எவன்ட்டி கேட்டு வருவான்?”

நான் வீரகேரளம்புதூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். சில வருஷத்தில் உங்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் இரண்டு முறை தென்காசிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். சாரல் முடியட்டும் என்று அது காத்திருக்காது. ஆட்டோக்காரர்களும் சீசன் சவாரிக்குப் போய்விடுவார்கள். வீங்கிய காலோடு விலக்குவரை நடந்தீர்கள். தப்பித்தவறி நின்ற பஸ்ஸிலும், ஈர டவுசரோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர்கள் அசையவில்லை. துணைக்கு நான் வந்த அன்று, “ஏக்கா, மேல வாந்தி எடுத்துராதீங்க” என்றான் ஒருவன். அவன் முகத்தை நினைத்தால் இப்போதும் துப்பத் தோன்றுகிறது.

சாரலிலும் பஸ் விடச் சொல்லி மனு கொடுக்கப் போனோம். அதிகாரி கம்ப்யூட்டரை நம் பக்கம் திருப்பினார். “வருஷம் பூரா பஸ் இருக்குன்னு உங்க ஊர்க்காரங்களே சொல்லியிருக்காங்களேம்மா.” உங்கள் முகம் சுண்டிப்போனது. வெளியே வந்து, “நாந்தாம்ட்டி சொன்னேன்” என்றீர்கள். நம் பஸ் அருவிக்குப் போவது அந்த ஆளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவருக்கு அந்தப் பதில் சௌகரியமாக இருந்தது.

அடுத்த சாரலில் ஒரு முறை உங்களால் போக முடியவில்லை. மறுமுறையும் முடியவில்லை. இறைவனடி சேர்ந்தார் என்று போஸ்டர் ஒட்டினார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பஸ் இல்லாமல் மூச்சு முட்டிச் செத்தீர்கள். இணையத்தில் நம் ஊரைப் பற்றிய பக்கத்தில் மக்கள்தொகை இன்னும் அன்று எடுத்ததுதான். அதில் நீங்களும் இருக்கிறீர்கள், பஸ்ஸும் இருக்கிறது. அருவருப்பாக இருக்கிறது, மைனி.

நேற்று உங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்காகத்தான் நான் வந்திருந்தேன். “பஸ் வசதியெல்லாம் உண்டுல்லா?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். வெளிநாட்டு வேலையை விட்டு வந்து ஊரோடு இருக்கும் அண்ணன், “உண்டு உண்டு” என்றார்.

“கிடையாது” என்றேன். “சீசன் வந்தா ஒரு பஸ்ஸும் வராது. எங்க மைனி அதுலதான் செத்துப் போனாக.”

எனக்காக நீங்கள் சொன்ன பொய்யில்தான் நான் இன்றும் குடும்பம் நடத்துகிறேன். அதை உங்கள் மகள் தலையிலும் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுக்களையில் உங்கள் மகள் அந்தக் காப்பியைக் கொட்டி தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“உன் காரியத்தைக் கெடுத்துட்டேனாட்டி?” என்று கேட்டேன்.

திரும்பாமலேயே சொன்னாள்: “அடுத்து வாறவங்ககிட்ட நானே சொல்லுதேன் அத்தை.”