போய்ப் பார்த்த இடங்கள்

இன்று காலை தாணே ஸ்டேஷன் படிக்கட்டில் என் செருப்பு வார் அறுந்தது. கூட வந்தவள் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினாள். உன் நினைவு வந்துவிட்டது. அவள் யாரென்று கடைசியில் சொல்கிறேன், பொறு. பொறுமைதான் உனக்குக் கிடையாதே.

தாராவியில் வேலை தேடி வருபவர்களுக்கு நாம் இருவரும் வழிகாட்டத் தொடங்கிய புதிது. தோல் பட்டறை மூடியதால் வேலை போன செல்வி வந்திருந்தாள். யார் யாரோ சொன்ன இடங்களுக்கெல்லாம் அலைந்து ஓய்ந்திருந்தாள். இதுவும் சரிவரவில்லை என்றால் இனி எங்கேயும் போகப்போவதில்லை என்றாள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சான்பாடாவில் இலவசப் பயிற்சி என்று கம்ப்யூட்டரில் கண்டுபிடித்து, விலாசத்தை எழுதி நீட்டினேன். நீ குறுக்கே புகுந்து பிடுங்கிக்கொண்டாய்.

"ஏட்டி, நீ போயிப் பாத்தியா?"

நான் வளர்ந்த மாட்டுங்காவில் என்னை யாரும் ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் மழையில் உன் பின்னால் வந்தேன். அந்த விலாசத்தில் ஒரு மொபைல் கடை இருந்தது. கடைக்காரரை உன் பம்பாய் இந்தியில் குடைந்தெடுத்து, பயிற்சி தாணேவுக்கு மாறிவிட்டதைத் தெரிந்துகொண்டாய். உடனே தாணேவுக்குக் கிளம்பினோம், வழியில் உன் செருப்பு வார் அறுந்தது. ஊக்கைக் குத்திக்கொண்டு நடந்தாய். அங்கே ஆபீசுக்குள் நுழையாமல், வகுப்பு முடிந்து வந்த பெண்களைப் பிடித்தாய். இலவசம் உண்மைதான், பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் வீடு திரும்பிவிடலாம், ஆனால் சேரும்போது மராத்தியில் நாலு கேள்வி கேட்பார்கள் என்றார்கள். அதற்குச் செல்வியை நீயே தயார் செய்தாய். அவள் சேர்ந்தாள்.

நீ கண்ணை மூடிய பிறகு நான் இதை விட்டுவிடுவேன் என்று நினைத்தவர்கள் உண்டு. விடவில்லை, பார்த்தாயா? இன்று செம்பூரிலும் தாணேயிலும் வேலைக்கு வழிகாட்டுபவர்கள், ஓர் இடத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் நம்மைத்தான் கேட்கிறார்கள். போய்ப் பார்க்காத இடத்தை நாம் சொல்லமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு அதில் பெருமை, கொஞ்சம் திமிரும்கூட.

நேற்று வேலை தேடி ஒரு பெண் வந்தாள். அவளை அனுப்புவதற்கு முன் ஒரு புதிய பயிற்சி நிலையத்தைப் பார்க்கத்தான் இன்று தாணே போனேன். தன் லீவு நாளும் அதுவுமாகக் கூட வந்தவள் செல்வி. செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இப்போது வேலை பார்க்கிறாள். அறுந்த செருப்பைப் பார்த்து, திரும்பிவிடலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"அக்கா இருந்தா திரும்புவாவளா? நடங்க மாமி."

நடந்தோம். நிலையத்தின் ஆபீஸ் கதவு திறந்துதான் இருந்தது. செல்வி அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காமல், வகுப்பு விட்டு வந்த பெண்களிடம் போய் நின்றாள்.