இன்யூட் படைக்கு ஆள் சேர்ப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர்
23-10-1988

எதிர்ப்படைத் தளபதி அவர்களுக்கு ஜயலக்ஷ்மி நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது.

நானும் உங்கள் அம்மாவும் சௌக்கியம். மேஜை மேல் நிற்கும் உங்கள் பொம்மைப் படையும் சௌக்கியம். அதன் தளபதி மட்டும் சௌக்கியமில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதமும் ஈயப் பொம்மைகளின் விலைப்பட்டியலும் வந்து சேர்ந்தன. தபால்காரர் பால்பாண்டி உறையைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, ‘உள்ள படமா இருக்கும் போலயே டீச்சர், யாரு படம்?’ என்று கேட்டார். பனிக்கரடித் தோல் போட்டுக்கொண்ட ஆட்களின் படம் என்று சொன்னேன். சார் அங்கே எந்த மாதிரி மில்லில் வேலை பார்க்கிறார் என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது.

நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இத்தனை நாள் கிரீன்லாந்தில் குடியேறிய உங்கள் வடதேசத்து வெள்ளைக்காரர்களை எதிர்த்து, சட்டைப் பொத்தான்களைப் படையாக வைத்துச் சண்டை போட்ட எனக்கு, கிரீன்லாந்துச் சண்டைக்காக எந்தெந்த இன்யூட் பொம்மைகளை வாங்க வேண்டும் என்பது முதல் கேள்வி. மார்கழியோடு பயிற்சி முடிந்தாலும் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்களே, கையெழுத்துப் போடலாமா என்பது இரண்டாவது. பொம்மைக்கு மூன்று பக்கமும் இரண்டு வருஷத்துக்கு மூன்று வரியும் ஒதுக்கியிருக்கிறீர்கள். நானும் அந்தக் கணக்கிலேயே பதில் எழுதுகிறேன்.

இங்கே ஒரு விசேஷம் உண்டு. அதை எழுத எனக்கு அனுமதி இல்லை. ‘காயிதத்துல எழுதப்படாதுடி. கடல் தாண்டிப் போறது, எத்தனை பேர் கண்ணு படும்? அவன் வந்தப்புறம் நேர்ல சொல்லிக்கலாம்’ என்று அம்மா கோவில் பூவைக் கையில் கொடுத்து வாக்கு வாங்கிவிட்டாள். டெலிபோனில் சொல்லலாமென்றால் உங்கள் மில் மானேஜர் மேஜைக்கு முன்னால் நின்றுதான் பேச வேண்டும். அதற்குப் பேசாமலே இருக்கலாம். பயப்பட வேண்டாம், நல்ல சேதிதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காரணம் மட்டும் கேட்காதீர்கள்.

இனி படை விஷயம். பட்டியலில் எஸ்கிமோ என்று போட்டிருந்தாலும் அவர்கள் தங்களை இன்யூட் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சரி, இன்யூட். முதல் பாக்கெட்டில் இருக்கும் துப்பாக்கிக்காரர்கள் வேண்டவே வேண்டாம். நம் சண்டை நடப்பது அறுநூறு வருஷத்துக்கு முன்னால். அப்போது அவர்களுக்குத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது? என்னை ஏமாற்றப் பார்க்கிறார் பொம்மைக்காரர்.

ராஜபாளையத்துக்குப் பொம்மைப் பெயிண்ட் வாங்கப் போனபோது பட்டியலைப் பீர் மைதீன் கடைக்கு எடுத்துப் போனேன். நீங்கள் இல்லாத ஞாயிறுகளில் உங்கள் படையை நடத்துகிறவர் அவர்தான் என்பதால் எதிரிக்கு உளவு சொன்னது போலத்தான். இருந்தாலும் மனுஷர் நேர்மையாகவே யோசனை சொன்னார். ‘வில்லுக்காரங்களையே அம்புட்டுப் பேரையும் வாங்குங்க டீச்சர். கிட்டப் போயி எதுக்குச் சாவணும்?’ என்றார். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். உங்கள் ஆட்களிடம் கேடயம் இருக்கிறது. வெறும் அம்பை நம்பினால் நான் பொத்தான் காலத்துக்கே திரும்பிவிடுவேன். பாதி வில், பாதி எறியீட்டி. வில்லில் முழங்காலிட்டவர்களாகப் பாருங்கள். நிற்பவர்களின் கை தபாலில் முழங்கையோடு முறிந்துபோகும். பனி வெளிச்சம் கூசாமல் இருக்க எலும்பில் செய்த கண்ணாடி போட்ட முகங்கள் இருந்தால் இன்னும் நல்லது. கண் வரைகிற வேலை மிச்சம்.

நாய்களில்தான் தகராறு. நீங்கள் குறித்திருக்கும் சறுக்குவண்டி நாய்களை அளந்து பார்த்தேன், ஒவ்வொன்றும் ஆளின் மார்பு உயரம். வேறு கம்பெனி நாய், அளவு ஒட்டவில்லை. பீர் மைதீனோ, ‘ராசபாளையத்து நாய்னு நெனச்சுக்கிட்டாப் போச்சு, வெள்ளை அடிச்சு மூக்குல ரோஸ் வச்சிருங்க’ என்கிறார். அடுத்த பக்கத்தில் இருக்கும் சின்ன நாய்களை வாங்குங்கள். வெள்ளை வேண்டுமானால் அவருக்காக அடித்துவிடுகிறேன்.

அம்மாவும் படங்களைப் பார்த்தாள். தோல் படகில் உட்கார்ந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லையே என்று பரிதாபப்பட்டாள். கால் படகுக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். இவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டாள். சொன்னேன். ‘ஏன், அந்த ஊர்ல கத்திரிக்காய் விளையாதா?’ என்றாள்.

கடைசியாக, கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய தோல் சட்டையின் குல்லாய் பெரிதாக, முதுகில் பைபோல இறங்கியிருக்கிறது. அதற்குள்ளிருந்து ஒரு குழந்தை எட்டிப் பார்க்கிறது. அவள் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. மற்ற எதை விட்டாலும் அவளை விடாதீர்கள். அவள் இல்லாமல் இந்தப் படை எனக்கு வேண்டாம்.

இப்போது தளபதி கதை. இந்த வருஷம் கொலுவில் ஒரு படி காலியாக இருக்கிறதென்று அம்மா உங்கள் படை முழுவதையும் அதில் ஏற்றிவிட்டாள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்தவர்கள் எந்த திவ்யதேசத்துத் துவாரபாலகர்கள் என்று கேட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். தினமும் சுண்டல் நைவேத்தியம். விஜயதசமியன்று கொலு முடிய ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டுமல்லவா, அம்மா கைக்கு எட்டிய உங்கள் தளபதியைப் படுக்க வைத்துவிட்டாள். நம் விதிப்படி படுத்த பொம்மை செத்த பொம்மை. பீர் மைதீன் வந்து மேஜையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு விதியை ஒப்புக்கொண்டார். ஆக, இன்யூட் படை இன்னும் கப்பலே ஏறவில்லை, முதல் வெற்றி எங்களுக்கு.

மற்றபடி விசேஷமில்லை. கடைசிப் புரட்டாசிச் சனிக்கிழமை எல்லோரும் நம் ஊர்த் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க மலை ஏறினார்கள். என்னை மட்டும் அடிவாரத்தில் செருப்புகளுக்குக் காவலாக உட்கார வைத்துவிட்டாள் அம்மா. தெருவில் பால்கோவாவுக்குப் பால் சுண்டுகிற வாசனை வந்தாலே மொட்டை மாடிக்கு ஓடுகிறேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இப்படி ஒரு கஷ்டம். பீர் மைதீன் வீட்டு ரஹ்மத்துன்னிசா என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஒரு பை நார்த்தங்காய் கொடுத்தனுப்பினாள்.

இரண்டாவது கேள்விக்கு என் மூன்று வரி: யோசியுங்கள். நன்றாக யோசியுங்கள். அந்தப் பெண்ணை வாங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஜயா

*

ஓல்டாம், இங்கிலாந்து
6-11-1988

சௌபாக்கியவதி ஜயாவுக்கு அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை இங்கே பொம்மைச் சண்டைக் கிளப்பில் எல்லோருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். கொலுவில் மாண்ட தளபதிக்காக ஒரு நிமிஷம் எழுந்து நின்றார்கள். ஆனால் அந்த வெற்றி செல்லாது. படுத்தது போர்க்களத்தில் இல்லை, படியில்.

துப்பாக்கிக்காரர் வேண்டாம் என்றது சரி. நாய் விஷயத்தில் நான்தான் அவசரப்பட்டுவிட்டேன், சின்ன நாய்களே வாங்குகிறேன். முழங்காலிட்ட வில்லாளிகளும் கிடைக்கிறார்கள்.

அந்தக் குல்லாய்க் குழந்தைப் பெண்ணைப் பற்றிக் கிளப் செயலாளரிடம் கேட்டேன். அவள் சண்டை போடமாட்டாள். மற்றவர்களை விட மெதுவாகத்தான் நகருவாள். அவளை எதிரி பிடித்துவிட்டால் இரட்டைப் புள்ளி நஷ்டம். அவளைக் காவல் காக்கவே நாலு பேர் வேண்டும். படைக்கு அவளால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் அந்த இடத்தில் இன்னும் ஒரு எறியீட்டிக்காரனைப் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை கடைக்குச் சொல்ல வேண்டும். நீ சம்மதிப்பாய் என்று தெரியும்.

அம்மா எழுத வேண்டாமென்ற விஷயம் என்னவென்று கண்டுபிடித்துவிட்டேன். டி.வி. தானே? கறுப்பு வெள்ளை வேண்டாம், கலராகவே வாங்குங்கள். பால் வாசனை பிடிக்கவில்லை என்றால் அஜீரணமாக இருக்கும். ஓமத்திரவம் குடி. நார்த்தங்காய் நல்லதுதான்.

ஒப்பந்தத்துக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போடலாம் என்றுதான் தோன்றுகிறது. யோசியுங்கள் என்று மட்டும் எழுதினால் எப்படி? வேண்டாம் என்றால் ஒரு காரணம் சொல்.

அன்புடன்,
உப்பிலி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
16-11-1988

மகா புத்திசாலியான தளபதி அவர்களுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை நானும் அம்மாவும் சேர்ந்து படித்தோம். ஓமத்திரவம் என்ற இடம் வந்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டி.வி. என்ற இடத்தில் திரும்பி வந்து, ‘இவனை இஞ்சினீயர்னு எவன்டி சொன்னான்?’ என்று கேட்டாள். எனக்கு முதலில் கோபம், பிறகு சிரிப்பு, பிறகு எதற்கென்று தெரியாமல் அழுகையும் வந்தது. இப்போதெல்லாம் மூன்றும் சேர்ந்துதான் வருகின்றன.

உங்கள் கிளப் செயலாளர் சொன்னது அத்தனையும் நிஜம். அவளால் சண்டை போட முடியாது, மெதுவாகத்தான் நடக்க முடியும், அவளைச் சுற்றி நாலு பேர் வேண்டும். என்னைச் சுற்றி இப்போது யார் யார் நிற்கிறார்கள் தெரியுமா? மாடிப்படியில் கால் வைத்தால் அம்மா. பஸ்ஸில் ஏறினால் பள்ளிக்கூடத்து ஞானபாக்கியம் டீச்சர். ராஜபாளையம் போனால் ரஹ்மத்துன்னிசா. பீர் மைதீன் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே விடமாட்டேன் என்கிறார், ‘இந்த வாசனை ஒங்களுக்கு ஆவாது டீச்சர், பொறவு பாத்துக்கிடலாம்’ என்கிறார். அவருக்கு யார் சொன்னது என்று கேட்டால், ‘இதெல்லாம் சொல்லவா செய்வாவ?’ என்கிறார். ஊரில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஓல்டாமில் இருக்கும் ஒருவருக்குத்தான் கலர் டி.வி. வேண்டும்.

சண்டை போடாதவளை எதற்குப் படையில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் எல்லாம் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லையா? எறியீட்டிக்காரனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்துக்குக் காரணம் கேட்டீர்கள். வாக்கு மீறாமல் சொல்கிறேன். தை மாதம் நம் வீட்டில் ஒரு சடங்கு. வாத்தியார் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். ஹோமம் வளர்த்து, ஆலமொட்டை அரைத்துச் சாறு பிழிந்து என் மூக்கில் விட வேண்டும். அதை நீங்கள்தான் விட வேண்டும். உங்கள் அண்ணா உங்களுக்குப் பதிலாக உட்கார முடியாது. வாத்தியாரும் முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் படைக்குப் பீர் மைதீனை நிறுத்தியது போல இதற்கு ஆள் நிறுத்த வழியில்லை.

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் நான் உங்களை எதற்கும் வற்புறுத்தியதில்லை. மில்லில் அனுப்புகிறார்கள் என்றபோது போய் வாருங்கள் என்றேன். இந்த ஆடியில் திரும்பவும் அனுப்புகிறார்கள் என்றபோது பெட்டி கட்டிக் கொடுத்தேன். எல்லோரும் என்னிடம் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்த வருஷங்களில், இந்த மேஜையையும் பொத்தான்களையும் கொடுத்து என்னைச் சிரிக்க வைத்தவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இப்போது கேட்கிறேன். எனக்கு நீங்கள் இங்கே வேண்டும். கையெழுத்துப் போடாதீர்கள், வந்துவிடுங்கள்.

கடிதத்தை முடிக்கப் போகிறேன் என்றதும், கீழே தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னாள் அம்மா. வழக்கம்போல ‘இரண்டு பேருக்கும்’ என்று எழுத ஆரம்பித்தேன். பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். ‘அப்படி இல்லைடி. மூணு பேருக்கும்னு போடு’ என்றாள். காகிதத்தில் எழுதக்கூடாது என்று வாக்கு வாங்கினது யார் என்று கேட்டேன். ‘நான்தான். இப்போ நான்தான் சொல்றேன், போடு’ என்றாள்.

மூன்று பேருக்கும் அம்மாவின் ஆசீர்வாதம்.

ஜயா