உப்பேறிய நவரை

லைட்ஹவுஸ் குப்பம்
12.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நல்லபடியாக அப்பா வீடு வந்து சேர்ந்தேன். போனை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். அப்பா வலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்.

ஏன் கிளம்பினேன் என்று அண்ணன் மூர்த்தியிடம் கேட்டீர்களாமே. பக்கத்து வயல் மார்கரெட் அக்கா குடத்தோடு மோட்டார் கொட்டகைக்கு வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். நாம் ஆழமாகப் போர் போட்டு ராப்பகலாக இறைத்ததில் கடல்நீர் உள்ளே ஏறி அவர்கள் கிணறு உப்பாகிவிட்டது. "குடிக்கத்தான் கேசவா, ஒரு கொடம்" என்றார். "தாலுகா ஆபீஸ்ல என்மேல மனு குடுத்தியே, அவங்களையே ஊத்தச் சொல்லு"ன்னு சொன்னீர்கள். அந்நேரம் நம் வரப்பு உடைந்து தண்ணீர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பையைக் கட்டினேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கஸ்தூரி


பொன்னேரி
20.2.2025

அன்பு கஸ்தூரிக்கு,

நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை.

நான் ஆசைக்கா இறைக்கிறேன்? ஐப்பசி மழை வரவில்லை. கார்த்திகையில் ஒரே புயலில் கொட்டி, நாற்றை அழுக வைத்துவிட்டுக் கடலுக்குப் போனது. நவரைப் பட்டத்துக்கு மறுபடி நெல் நட்டால், தை முடிவதற்குள் சித்திரை வெயில். காலையில் கட்டிய தண்ணீர் சாயங்காலம் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை பாய்ச்சிய வயல் இப்போது தினமும் கேட்கிறது. மழையே மாறிப்போனா நான் இன்னா பண்றது? ஊரே இறைக்கிறது. உனக்கு என்னை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறதா?

சீக்கிரம் வா.

உன் கேசவன்


லைட்ஹவுஸ் குப்பம்
2.3.2025

மாமாவுக்கு,

மழை மாறியது பொய் இல்லை. இங்கே கடலும் வருஷா வருஷம் வீட்டை நெருங்குகிறது. ஆனால் ஒரு குடம் தண்ணீர் தராதே என்று எந்த மழை வந்து உங்களுக்குச் சொன்னது?

நெல்லைக் குறைத்துக் கேழ்வரகு போடலாம், தண்ணீர் மிச்சமாகும் என்று போன வருஷமே கெஞ்சினேன். "மீன் கழுவுற கைக்கு வெள்ளாமை இன்னா தெரியும்"னு நாலு பேர் எதிரில் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நினைத்தாலே இப்போது அருவருப்பாக இருக்கிறது.

மார்கரெட் அக்கா வீட்டுக்குப் போங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அன்றைக்கே கிளம்பி வருகிறேன்.

கஸ்தூரி


பொன்னேரி
28.3.2025

அன்பு கஸ்தூரிக்கு,

நம் போரும் உப்பாகிவிட்டது. வாயில் வைத்துப் பார்த்தேன், துப்பிவிட்டேன். கதிர் வரும் நேரத்தில் பயிர் நுனி கருகி நிற்கிறது. இன்னும் கீழே போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று போர் போடுகிறவர் சொல்கிறார். நிலம் உன் பெயரிலும் இருப்பதால் உன் கையெழுத்து வேண்டும். பேப்பரை இதோடு வைத்திருக்கிறேன். உடனே போட்டு அனுப்பு.

மார்கரெட் குடும்பம் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டது. இனி அந்தத் தொல்லையும் இல்லை. நீ தாராளமாக வரலாம்.

உன் கேசவன்


லைட்ஹவுஸ் குப்பம்
5.4.2025

கேசவன் அவர்களுக்கு,

"அந்தத் தொல்லையும் இல்லை" என்ற இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அப்பா வாங்கிப் படித்தார். எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

கையெழுத்து போடமாட்டேன். என் பாதியைப் பிரித்துத் தரச் சொல்லிப் பொன்னேரி கோர்ட்டில் வக்கீலைப் பார்த்துவிட்டேன். அதில் போர் இறங்காது. பெய்கிற மழை ஒரே நாளில் பெய்தாலும் நிற்கட்டும் என்று குளம் வெட்டப்போகிறேன். மார்கரெட் அக்கா இருக்கும் இடத்தை அண்ணன் விசாரித்துவிட்டார். நாளை போகிறேன். அவர் கதவைத் திறப்பாரோ, என் முகத்தில் சாத்துவாரோ, தெரியாது.

நீங்கள் வாயில் வைத்துத் துப்பினீர்களே, அதைத்தான் அவர்கள் வேறு வழியில்லாமல் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னை அழைக்க வர வேண்டாம்.

கஸ்தூரி