உமிக்கு வந்த விலை

9 ஏப்ரல் 1951
பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களுக்குச் சம்பளமில்லா லீவு, ஜூன் வரை. தக்கலை நெல் மில்லுக்குப் போனேன். பின்புறம் கூரை உயரத்துக்கு உமி. முதலாளி தாணுலிங்கம் பிள்ளை வண்டிக்கூலி கொடுத்து அதை வெளியே கொட்டுகிறாராம். உருண்டை பிடித்து விறகுக்குப் பதிலாக விற்கப்போகிறேன் என்றேன். “அள்ளிட்டுப் போவும் சாரே, ஒமக்குப் புண்ணியம் உண்டு” என்றார். சரக்கு சும்மா கிடைக்கிற வியாபாரம் வேறு எங்கே இருக்கிறது?

21 ஏப்ரல்
உமி ஒட்ட மறுக்கிறது. சாணி சேர்த்தால் ஒரே புகை. களிமண் சேர்த்தால் எரியவே மாட்டேன் என்கிறது. மரச்சீனிக் கிழங்குக் கூழ் பிரமாதமாக ஒட்டுகிறது. ரேஷன் அரிசி பத்தாமல் நாங்கள் தின்பதும் அதே கிழங்குதான். “வயித்துக்கு வச்சத அடுப்புக்குப் போடுதியளே” என்றாள் ராகேல். கட்டினவளுக்கே புரியவில்லை என்றால் ஊருக்கு எப்படிப் புரியவைப்பேன்?

12 மே
சுயம்புவின் சாயாக்கடையில் என் உருண்டையால் வெந்நீர் கொதித்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம். தினம் ஒரு கூடை வேண்டும் என்கிறான்.

1 ஜூன்
இனி வேலைக்கு வரவில்லை என்று பள்ளிக்கூட மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். “வேற ஆளப் போட்டா பொறவு எடம் கெடைக்காது. யோசிச்சியளா?” யோசித்தாயிற்று என்றேன். ராகேலிடம் இன்னும் சொல்லவில்லை.

7 ஜூன்
மழை.

13 ஜூன்
ஈரத்தில் உருண்டைகளில் பூஞ்சை பூத்துவிட்டது. விறகு வாங்கி எரித்து, மிச்சத்தை உலர்த்தினேன். விறகை ஒழிக்கப் புறப்பட்ட மகான்! ராகேலிடம் வேலையை விட்டதைச் சொன்னேன். அவள் மிச்சமிருந்த கிழங்குகளை எண்ணிப் பார்த்தாள். அதுதான் பயமாக இருக்கிறது.

2 ஜூலை
சுயம்பு என் உருண்டையை நிறுத்திவிட்டான். அடியில் ஓட்டை போட்ட தகர டின். நடுவே உலக்கையை நிறுத்தி, சுற்றிலும் உமியை இடித்து அடைத்து, உலக்கையை உருவிவிட்டுத் தீ வைக்கிறான். நின்று எரிகிறது. கூழ் வேண்டாம், வெயில் வேண்டாம், நானும் வேண்டாம். “எல்லாம் நீங்க காட்டித் தந்ததுதான் சாரே” என்று ஒரு சாயா தந்தான். குடித்துவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய?

16 ஜூலை
டின் அடுப்புக்கு உமி அள்ள மில்லில் சாக்கும் கையுமாக ஜனம். “இனி மூட்டைக்கு நாலணா சாரே” என்றார் பிள்ளை. குப்பை என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டேன். “கேக்க ஆளில்லாதவரைக்கும் குப்பைதான்.” உமி, கிழங்கு, உலர்த்தும் விறகு – கூட்டிப் பார்த்தேன். இதற்கு விறகையே வாங்கி எரிக்கலாம்.

6 ஆகஸ்ட்
பிள்ளை தயவில் வேலை கிடைத்தது: உமி வாங்குவோருக்குச் சீட்டு எழுதுவது. பள்ளிச் சம்பளத்தில் பாதி. இன்று முதல் நாள். வரிசையில் ராகேலும் நின்றாள், கையில் சாக்கு. பிள்ளை என் பக்கத்திலேயே இருந்தார். அவளிடம் நாலணாவை வாங்கிக்கொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். “சாயங்காலம் நேரத்தோட வாருங்க” என்று சொல்லிவிட்டு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.