எண் இல்லாமல் தாழ்துறைக்குப் போன ஓலை

நலம் நிற்க. வெண்கரை நாட்டுக்கு வானம் வேண்டிய அளவே வழங்குக. வெண்கொடி வேந்தர் அரிகுலதரர் திருவாணையின்படி, மகாமந்திரி கண்டன் இருங்கோளர் பணிக்க, ஓலைநாயகம் வேளான் அரங்கன் தன் கைப்பட எழுதியது. நெடுவாரி ஆற்றின் கடைமடை காக்கும் தாழ்துறைக் கோட்டைத் தலைவர், நாடாள்வார் காடன் மழவராயர் திருமுன் இதனை நின்றபடியே வாசிக்க. முரசறைவோனை அழைத்துவர ஆள் போன பின்னரே அடுத்த வரிக்குச் செல்க.

மேலணை இன்று உச்சிப்போதில் உடைந்தது. தாழ்துறை மக்கள் மூவாயிரவரும் குன்றின்மேல் ஏறியாக வேண்டும். ஊரைக் கிளப்பும் ஓலையில் வெள்ளம் ஏறப்போகும் உயரம் முழக்கணக்கில் இருத்தல் வேண்டும், எண் இல்லாத ஓலைக்கு எவரும் பணியலாகாது என்பது நம் நாட்டுச் சட்டம். இவ்வோலையில் எண் இல்லை. ஏன் இல்லை என்று அறியாமல் தாங்கள் நம்பமாட்டீர். ஆகவே வெட்கத்தை விட்டு அது இங்கே எழுதப்படுகிறது.

அரண்மனைக் கணிப்பொறிக்குக் கணக்கிடும் செயலிகள் அறுபத்துநான்கு. கோயில் நாள்காட்டி, படைக்கலப் பட்டியல், வெள்ளக்கணிப்பு என ஒவ்வொரு நிரலும் ஒன்றையொன்று முட்டாதபடி தனித்தனிக் கொள்கலனில் அடைபட்டு ஓடுவது மரபு. வெள்ளக்கணிப்பைக் காப்பவர் சேந்தன் மகள் நல்லமங்கை. அவருடைய நிரல் மழைக்காலத்தில் அத்தனை செயலிகளையும் தானே விழுங்குகிறதென்று மற்றத் துறை நாயகங்கள் முறையிட, மந்திரியார் சென்ற ஆனியில், எந்தக் கொள்கலனும் இரண்டு செயலிகளின் உழைப்புக்கு மேல் பெறலாகாது என்று வரம்பிட்டார். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று அன்றே முணுமுணுத்தோர் உண்டு. உரக்கச் சொன்னோர் இலர்.

கிடைப்பது சோளப்பொரிதான் என்றாவது உள்ளிருந்த நிரலுக்குச் சொல்லியிருக்கலாம். வரம்பு கொள்கலனுக்கு வெளியே நின்றது. உள்ளிருந்த நிரல், இங்கே செயலிகள் எத்தனை என்று வினவியபோது, கணிப்பொறி பழைய வழக்கப்படியே அறுபத்துநான்கு என்று விடையிறுத்தது. பாவி நிரல் அதை நம்பித் தன் வேலையை அறுபத்துநான்காகக் கூறுபோட்டது. இரண்டு படி அரிசியைக் கொடுத்துவிட்டு அறுபத்துநான்கு இலை போடச் சொன்ன விருந்து அது. ஒவ்வொரு நொடிக்கும் அளந்து விட்ட பங்கு, நொடி பிறந்தவுடனே தீர்ந்துபோகும். அடுத்த பங்கு வரும்வரை எல்லாக் கூறுகளும் கைகட்டி நிற்கும். ஒரு கூறு முடியாமையால் மற்றவையும் அதற்காகக் காத்துக் கிடக்கும். நான்கு நாழிகையில் முடிந்த கணக்குக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதாமல் போயிற்று.

நல்லமங்கை மூன்று முறை அவைக்கு வந்தார். வரம்பை நீக்குக, நீக்க மனமில்லையாயின், உள்ளே கேட்கும் நிரலுக்கு இரண்டு என்ற உண்மையையாவது சொல்லுக, அது தன் கையளவு அறிந்தால் அதற்கேற்ப வேலையை அடுக்கிக்கொள்ளும் என்று விண்ணப்பித்தார். மந்திரியார் முகப்புப் பலகையைச் சுட்டிக்காட்டினார். அப்பலகை கணிப்பொறி முழுமையின் உழைப்பையும் சேர்த்துக் காட்டுவது. அதில் செயலிகளிற் பெரும்பாலானவை சும்மா கிடந்தன. ஒரு கொள்கலன் எத்தனை முறை மூச்சடைத்து நின்றது என்று காட்ட அதில் இடமே இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என ஒருவர் சொல்ல, அவை சிரித்தது. நல்லமங்கையின் மகள் உமையாழ்வி தாழ்துறையில் வாழ்க்கைப்பட்டிருப்பதால் தாய்க்கு எங்கும் வெள்ளமாகவே தெரிகிறது என்று இன்னொருவர் சொல்ல, மீண்டும் சிரித்தது. இதை எழுதுபவனும் சிரித்தவர்களுள் ஒருவன்.

ஐப்பசி மழையில் நாணற்குடி என்னும் ஊர் வெள்ளத்தில் போயிற்று. அன்று கணிப்பு மிகச் சரியாகவே வந்தது, ஒன்பது முழம் என்று. வந்தபோது அதை வாசிக்க அவ்வூரில் ஆளில்லை. பதினொரு பேரை எரித்துவிட்டு வந்த பின்னும், கணிப்பு தாமதமானது நல்லமங்கையின் கவனக்குறைவால் என்றே ஏட்டில் ஏறியது. அவர் மறுநாளும் வந்து அதே கொள்கலனின் முன் அமர்ந்தார்.

இன்று அணை உடைந்த செய்தி வந்தவுடன் மந்திரியார் தாமே ஓடிவந்து வரம்பை நீக்கினார். ஆயினும் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு நான்கு நாழிகை. தாழ்துறைக்குக் குதிரை ஏழு நாழிகை. வெள்ளம் அங்குச் சேரப் பத்து நாழிகை. நல்லமங்கை இதை விரல்விட்டே எண்ணிவிட்டு, எண்ணுக்காகக் காத்திருந்தால் குதிரை தண்ணீருக்குப் பின்னால்தான் போகும், எண் இல்லாமலே ஓலையை விடுங்கள் என்றார். மந்திரியார் தலை நிமிரவில்லை. எங்களுக்கு நம்பிக்கை அற்றுப்போயிற்று என்பதை மறைப்பதற்கில்லை; வழியிலுள்ள இரண்டு ஓடைகளைக் குதிரை கடக்குமா என்பதும் தெரியவில்லை.

தம் மகளை முதலில் ஏற்றுக என்று நல்லமங்கை கேட்கவில்லை. முரசைக் கீழைத்தெருவில் தொடங்குக, அதுவே பள்ளம், என்று மட்டும் கேட்டார். உமையாழ்வியின் வீடு மேலைத்தெருவில் உள்ளது.

ஆகையால் ஆணையாவது: சட்டத்தை மீறி, இவ்வோலை கண்ட கணமே ஊரைக் கிளப்புக, அப்பழி மந்திரியார் தலைமேல் என்று அவர் தம் கையொப்பமும் இட்டுள்ளார். உயரம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டு, அதன் கீழே அரச முத்திரை இடப்பட்டது. வெள்ளம் வடிந்தபின் கோட்டைச் சுவரில் ஈரம் ஏறிய அளவைத் தாங்களே முழம் போட்டுப் பார்த்து, அவ்விடத்தில் எழுதி, ஓலையைத் திருப்பி அனுப்புக. எழுத ஆள் மிஞ்சினால்.