சம்பந்திக்கு, ஒன்பதாவது எபிசோடு பற்றி

சம்பந்தி,

இன்று காலை ஃபெர்ரியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் தைலம் தடவியிருந்தார். நீங்கள் நெற்றியில் தடவுவீர்களே, அதே பச்சைத் தைலம். கொஞ்சம் டீசல் வாடையும் சேர்ந்திருந்தது. நான் கடலைப் பார்த்தபடி, திரும்பாமலே, "ஹீரோவோட அம்மா ரொம்ப ஓவர் சம்பந்தி, ரெண்டு மார்க்கு குறைச்சுடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"க்யா போலா, தாதா?" என்றார் அவர். பெங்காலிக்காரர். மடியில் காலிஃப்ளவர் மூட்டை.

"குச் நஹி, குச் நஹி", ஒன்றுமில்லை என்று சமாளித்தேன். அவர் மூட்டையை என் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டார். சாத்தம் ஜெட்டி வந்து சேரும் வரை எனக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் அந்த ஜன்னல் பக்கத்து சீட்டில் நீங்கள் இருப்பதாகத்தான் என் வாய் நினைத்துக்கொண்டிருக்கிறது.

என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுத்த புதிதில் நம் இரண்டு பேரின் நிலைமையை நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் போர்ட் பிளேரில் டிங்கிப் படகு இன்ஜின் ரிப்பேர் கடை வைத்திருந்தீர்கள். நான் அரசாங்க ஸ்டோரில் ஆணியும் பெயின்ட்டும் எண்ணிக்கொடுக்கிறவன். பத்தாவது பாஸ், அதுவும் இரண்டாவது தடவையில். இரண்டு பேருக்கும் வீடு பாம்பூஃப்ளாட்டில், இரண்டு பேருக்கும் ஒரே ஃபெர்ரி. தள்ளி உட்கார்ந்தால் ஊர் கதை கட்டும். பக்கத்தில் உட்கார்ந்தால் பேச ஒன்றுமில்லை. "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு. நீங்க?" "ஆச்சு." மீதிப் பயணம் முழுக்க இரண்டு பேரும் லைஃப் ஜாக்கெட்டை எண்ணிக்கொண்டு வருவோம்.

ஒரு நாள் உங்கள் கண் சிவந்திருந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சம்பந்தி. நேத்து ஒரு கொரியாக்காரப் பொண்ணு செத்துப் போச்சு."

"அடடா, டூரிஸ்டா? கடல்லயா?"

"டீவில."

அன்றைக்குத்தான் நாம் உண்மையில் சம்பந்தி ஆனோம் என்று நினைக்கிறேன்.

அப்போதெல்லாம் இங்கே நெட் கிடையாது என்றே சொல்லலாம். போனில் ஒரு படம் திறப்பதற்குள் சோறு வெந்துவிடும். கப்பலில் வேலை பார்த்த உங்கள் மைத்துனர் மெயின்லேண்டிலிருந்து பென் டிரைவில் சீரியல்களை ஏற்றிக்கொண்டு வருவார். எல்லாம் ஹிந்தி டப்பிங். கொரியாக்காரி ஹிந்தியில் அழுவாள், அதை நாம் தமிழில் விமர்சனம் செய்வோம். நீங்கள் பார்த்து முடித்ததும் பென் டிரைவ் என் கைக்கு வரும். நான் பார்த்ததும் மறுநாள் ஃபெர்ரியில் தீர்ப்பு. சாத்தம் ஜெட்டியில் கயிறு போடுவதற்குள் முடித்தாக வேண்டும்.

முதலில் நான் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "கதைதான் எனக்கும் தெரியுமே. உங்களுக்கு எங்க வலிச்சுது, அதச் சொல்லுங்க." எனக்கு எங்கே வலித்தது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. டாக்டரைத் தவிர.

நம் கருத்துகளை யாராவது அச்சடித்திருந்தால் மூன்று நாட்டுத் தூதர்களும் சண்டைக்கு வந்திருப்பார்கள். கொரியா சீரியலில் ஹீரோ பேசத் தெரியாமல் கதாநாயகியின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறான், அந்தப் பெண்களுக்கு எலும்பு டாக்டரே தனியாக வேண்டும் என்பது உங்கள் கட்சி. பதினாலாவது எபிசோடு வந்தாலே யாருக்காவது லாரி வரும், இல்லை ஞாபக மறதி வரும் என்பது என் கட்சி. ஜப்பான்காரன் பத்தே எபிசோடில் முடித்துவிடுகிறான், ஆனால் மனதில் இருப்பதைச் சொல்ல ஒன்பதரை எபிசோடு எடுத்துக்கொள்கிறான் என்று நான் குறை சொன்னேன். "அவனாவது கடைசியில சொல்றான்" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். சீன சீரியல் உங்களுக்கு ஆகவே ஆகாது. "அம்பது எபிசோடு சம்பந்தி! இதுக்குள்ள நான் நாலு இன்ஜின் கழட்டி மாட்டிருவேன். இடுப்பு வரைக்கும் தொங்குற அந்தத் தலைமுடிய எப்பத்தான் காய வைப்பாங்க?"

அப்படி நாம் மூன்று நாட்டுக் குடும்பங்களையும் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த சமயத்தில்தான் என் மகளுக்கு நர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்தது. கேம்பல் பேயில். தெற்கே கடைசித் தீவு, கப்பலில் போனால் இரண்டு மூன்று நாள். ஒரு மாதத்துக்குள் டியூட்டியில் சேர வேண்டும். உங்கள் வீட்டில், "கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகல, மருமகள கப்பல்ல ஏத்தி அனுப்புனா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். மாப்பிள்ளை, "அப்பா சொன்னா சரி" என்று நகர்ந்துகொண்டார். மகள் என்னிடம் வந்தாள்.

"அப்பா, தினம் மாமா பக்கத்துலதான உக்காந்து போறீங்க? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

எப்படிச் சொல்வது? பெண்ணைக் கொடுத்தவன் நான். ஸ்டோரில் ஆபீசர் சொன்ன கணக்கே தப்பு என்று தெரிந்தாலும் தலையை ஆட்டிப் பழகிய ஆள். பத்து நாள் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஃபெர்ரி இறங்கி வந்ததும் மகள் போன் போடுவாள். நான் எடுக்க மாட்டேன்.

அந்த நேரத்தில்தான் அந்தக் கடற்பாசிக் குடும்பத்து சீரியல் என் கைக்கு வந்தது. ஒரு தீவு, கடற்பாசி காயப்போடும் குடும்பம், சிட்டியில் வேலைக்குப் போக ஆசைப்படும் மருமகள். சாமியே அனுப்பியது என்று நினைத்தேன். நேரில் கேட்க முடியாததை விமர்சனத்தில் வைத்துவிடலாம். மூன்றே நாளில் பதினாறு எபிசோடையும் பார்த்து முடித்து, ஸ்டோரில் சரக்குக் கேட்கும் இண்டென்ட் ஃபாரத்தின் பின்பக்கம் எழுதி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏறினேன். எழுதி வைத்து வாசித்த ஒரே விமர்சனம் அதுதான்.

அன்று வாசித்தது எனக்கு இன்னும் மனப்பாடம். "இவ்வாறாக, வேலைக்குப் போன மருமகள் ஊர் திரும்பி, குடும்பம் ஒன்றுசேர்ந்து, அனைவரும் ஒரே மேசையில் சிரித்துச் சாப்பிட்டு வரும் வேளையில், கடைசி எபிசோடில் மாமனார் திடீரென்று 'நீ போகக் கூடாது' என்கிறார். இது என்ன நியாயம்? டைரக்டர் இதனை மறுபரிசீலனை செய்து, மருமகளை அனுப்பிவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

நீங்கள் புருவத்தைச் சுருக்கினீர்கள். "கடைசி எபிசோடிலயா? சம்பந்தி, மொத எபிசோடு கல்யாணம். அதுக்கடுத்து என்ன பாத்தீங்க?"

"அந்தப் பொண்ணு பெட்டியத் தூக்கிட்டுப் போவுது, மாமியார் ஏர்போர்ட்ல நின்னு அழுவுது."

"அது பத்தாவது!"

எங்கள் டீவி அப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறது. ஒன்றுக்கு அடுத்து பத்து, பதினொன்று, பதினாறு வரை. அப்புறம் இரண்டில் ஆரம்பித்து ஒன்பதில் முடிக்கிறது. நான் ஒரு சந்தேகமும் இல்லாமல் பார்த்திருக்கிறேன். பதினாறில் நரைத்திருந்த மாமனாருக்கு இரண்டில் முடி கறுத்திருந்தது. டை அடித்திருக்கிறார் என்று நினைத்தேன். கைக்குழந்தை காணாமல் போனது. பாட்டி வீட்டில் விட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். என்ன டைரக்ஷன், என்ன புதுமை என்று என் மனைவியிடம் வேறு பாராட்டியிருந்தேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பில் ஃபெர்ரியே திரும்பிப் பார்த்தது. கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி சிரித்து, மறுபடி துடைத்தீர்கள். பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி நீங்களே ஒரு தடவை படித்தீர்கள். சிரிப்பு நின்றது.

"இது விமர்சனம் இல்லையே சம்பந்தி. மனு."

நான் காலைப் பார்த்தேன்.

"இத்தன மாசமா கொரியாக்காரன் வீட்டுக்குள்ள பூந்து மாமனார் சரியில்ல, மாமியார் சரியில்லன்னு சொல்றீங்க. என் வீட்டப் பத்தி ஒரு வார்த்த சொல்ல அவ்வளவு பயமா?"

"பொண்ணக் கொடுத்தவன் சம்பந்தி. அவ அங்க வாழணும்ல."

ஜெட்டியில் கயிறு போட்டார்கள். நீங்கள் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனீர்கள்.

அடுத்த மூன்று நாள் நீங்கள் ஃபெர்ரிக்கு வரவில்லை. முதல் நாள் கடை லீவு என்று நினைத்தேன். இரண்டாம் நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் என் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "டீவியப் பாத்து மனு எழுதுன ஒரே ஆளு இந்த அந்தமான்லயே நீங்கதான். என் பொண்ணு வாழ்க்கைய என்ன பண்ணி வச்சிருக்கீங்களோ!" கிடைத்த வேலையும் போய், மகள் உங்கள் வீட்டில் தலைகுனிந்து நிற்பதாகவும் ஆகிவிட்டால் யார் முகத்தில் விழிப்பேன்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். தட்டில் பழம், பூ. என் மனைவி பயத்தில் காபிக்குப் பதில் கஷாயம் போட்டுவிட்டாள். நீங்கள் அதையும் குடித்துவிட்டுச் சொன்னீர்கள்.

"உங்க வரிசையிலயே ஒரு தடவ போட்டுப் பாத்தேன் சம்பந்தி. ஒழுங்கா பாக்கும்போது அந்த ஒன்பதாவது எபிசோடு எனக்குப் பெரிசா தெரியல. மாமனார்னா அப்படித்தான் சொல்லுவான்னு தாண்டிப் போயிட்டேன். உங்க வரிசையில அதுதான் கடைசியா வருது. எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்கிற வீட்டுல அந்த ஆளு எந்திரிச்சு 'போகக் கூடாது'ங்கிறான். அதோட டீவி நின்னுபோச்சு. எனக்குத் தூக்கம் வரல."

தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினீர்கள்.

"அந்தப் பொண்ணு எப்படியும் போயிட்டா பாத்தீங்களா? போறவ போவா. சிரிச்சுக்கிட்டு அனுப்புனமா, கோவிச்சுக்கிட்டுப் போக விட்டமாங்கிறதுதான் நம்ம கையில இருக்கு. என் மருமக சிரிச்சுக்கிட்டே போகட்டும்."

உங்கள் வீட்டம்மா என் மனைவியிடம், "ஒன்பதாவத எனக்கு மட்டும் மூணு தடவ போட்டுக் காட்டிட்டாரு அண்ணி. நான் அப்பவே சரின்னுட்டேன், ஆளு டீவிய நிறுத்துனா போதும்னு" என்றார்.

ஹாடோ துறைமுகத்தில் கப்பல் ஏறும்போது என் மகளின் பெட்டியை நீங்கள்தான் தூக்கினீர்கள். இரண்டு வருடம் கேம்பல் பேயில் இருந்துவிட்டு மாற்றல் வாங்கி வந்தாள். அப்புறம் பேத்தி பிறந்தாள். அவள் உங்கள் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கக் கற்றுக்கொண்ட வருடம் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். கண் சோர்கிறது என்று என்னைக் கதை சொல்லச் சொன்னீர்கள். ஒரு புது ஜப்பான் சீரியலைச் சொன்னேன். நடுவில் கையைத் தூக்கி நிறுத்தி, "வலிச்ச இடம்" என்றீர்கள். அன்றைக்கு எனக்குச் சொல்ல வரவில்லை சம்பந்தி. எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். அது எனக்குக் குறைதான்.

இப்போது என் மகளுக்குச் சென்னையில் ஒரு வருடம் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மாப்பிள்ளை, "குழந்த சின்னது, அடுத்த தடவ பாக்கலாம்" என்றாராம். அடுத்த தடவை கிடைக்கும் என்று யார் சொன்னது? போன வாரம் முழுக்க எனக்குப் பழைய வியாதி. பொருத்தமாக ஏதாவது சீரியல் இருக்கிறதா என்று தேடிக்கூடப் பார்த்தேன். இப்போது நெட் பிரமாதமாக ஓடுகிறது, ஆயிரம் இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் அதையெல்லாம் மூடி வைத்துவிட்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வாசலில் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டம்மா உள்ளே சீன சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம், சீனாதான், நீங்கள் இல்லாத தைரியம்.

"மாப்பிள்ள, ஒரு விஷயம் பேசணும்" என்றேன்.

உள்ளே டீவி சத்தம் குறைந்து, உங்கள் வீட்டம்மாவின் குரல் வந்தது. "எந்தக் கதை சம்பந்தி? கொரியாவா, ஜப்பானா?"

"நம்ம வீட்டுக் கதைதான்."

அவர் எதிரில் போய் நின்று சொன்னேன். "அவ மெட்ராஸ் போகட்டும் மாப்பிள்ள. ஒரு வருஷம். குழந்தைய ரெண்டு வீட்லயும் மாத்தி மாத்தி பாத்துக்குவோம். அவள நிறுத்துறது தப்புன்னு எனக்குப் படுது. உங்க மேல கோவமில்ல. தப்புன்னு படுது, அவ்வளவுதான்."

அவர் ரொம்ப நேரம் கையைத் துணியில் துடைத்தார். பிறகு தலையைத் தூக்காமலே, "ஃபாரத்துக்குக் கடைசி நாள் எப்ப?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். "வெள்ளிக்கிழம!" என்று என் மகள் குரல் அடுக்களையிலிருந்து வந்தது. கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறாள், கழுதை.

உங்கள் வீட்டம்மா என்னை உட்காரச் சொல்லித் தட்டு வைத்தார். "அடேயப்பா, பேப்பர் இல்லாம பேசிட்டாரே சம்பந்தி!" என்று சிரித்தார்.

உங்களிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டிருப்பது இதுதான் சம்பந்தி. பிடிக்கவில்லை என்றால் முகத்தைப் பார்த்துப் பிடிக்கவில்லை என்று சொல்வது. சொன்ன பிறகும் எழுந்து போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது. நேற்று உட்கார்ந்தேன். தோசை நாலு சாப்பிட்டேன்.

கிளம்பும்போது மாப்பிள்ளை தெருமுனை வரை கூட வந்தார். விளக்குக் கம்பத்தடியில் நின்று, "மாமா, அடுத்த தடவ ஒரு வாரம் யோசிக்காதீங்க. வந்து சொல்லிடுங்க" என்றார்.