இரண்டாவது கையெழுத்து

அன்புள்ள மூக்குத்துரைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நினைத்தபடியே எல்லாம் நடக்கிறது. எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறாய் என்று சின்ன வயதில் உனக்கு இந்தப் பேரை வைத்தேன். இப்படிப் பலிக்கும் என்று யார் கண்டது? அம்மா உன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதமும், உன்னை வீட்டுக்கு அனுப்பச் சொல்லும் மறுவாழ்வு மையத்தின் படிவமும் கிடைத்தன. "இருபது நாள் போதும்க்கா, நீ கையெழுத்துப் போட்டா ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்" என்று எழுதியிருக்கிறாய். கூடவே ஒரு குத்தல்: "உங்க ஆஸ்பத்திரியில இருந்தா மருந்து, என் பையில இருந்தா விஷமா?"

எங்கள் அறுவை அறையில் கொக்கெய்ன் இருப்பது உண்மைதான். பஞ்சில் நனைத்து மூக்குக்குள் வைப்போம். மூக்கு மரத்துப்போகும், ரத்தக்குழாய் சுருங்கும், ரத்தம் அதிகம் வராது. டாக்டர் சொன்ன அளவுதான். அது இதயத்தைச் சும்மா விடாது என்பதால் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே நிற்போம். பதினொரு வருடமாக அதைப் பூட்டி வைக்கும் அலமாரியின் சாவி நர்ஸான என்னிடம்தான், ஆனாலும் தனியாகத் திறக்க முடியாது. இரண்டு பேர் நிற்க வேண்டும், இரண்டு கையெழுத்து வேண்டும். மிஞ்சிய சொட்டைக் கொட்டுவதற்கும் அப்படித்தான். நீ இரண்டு வருடம் அந்தக் கொக்கெய்ன் முன்னால் தனியாக நின்றிருக்கிறாய், தம்பி.

அதில் என் தப்பும் உண்டு. போன வருடம் உனக்கு மூக்கில் ரத்தம் வந்தபோது, சூடு, நிறையத் தண்ணீர் குடி என்று சொல்லி ஈரத்துணியைக் கொடுத்தேன். ஊரார் மூக்கையெல்லாம் விளக்குப் பிடித்துப் பார்க்கிறவள் உன் மூக்கைப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே என்று பயம். என்னை மன்னித்துவிடு.

கடைசியில் கிறுக்கலாக ஒரு வரி எழுதியிருந்தாய்: "அப்பா செத்தது இப்பதான்க்கா வலிக்குது." அதைப் பத்துத் தடவை படித்தேன். அறுவை முடிந்து மரப்பு விட்டதும் நோயாளி வலிக்கிறது என்று முனகுவார். உணர்வு திரும்பிவிட்டது என்று அதைக் கேட்டபிறகுதான் எங்கள் டாக்டர் வீட்டுக்குக் கிளம்புவார். நானும் உன் வரியைப் படித்த அன்றைக்குத்தான் நிம்மதியாக அழுதேன்.

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் கையெழுத்து நடுங்காமல் அழகாக இருக்கிறது. பக்கத்தில் நான் போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கோபம் வரும், வரட்டும், நாலு பக்கம் திட்டி எழுது. ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், ஆனால் உன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுத் தனியாகத்தான் திரும்புவேன். அங்குள்ள டாக்டர் சரி என்று சொல்லும் நாளில் உன் கண்முன்னாலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

அதுவரை அங்கேயே இரு, கண்ணா. வலித்தாலும் இரு.

உன் பக்கத்தில் நிற்கும் இரண்டாவது ஆள்,
அக்கா